வாரநாள் நெரிசலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்கும் ஒரே கார்

கேள்வி: அலுவலகத்துக்குப் போக 22 கிலோமீட்டர், திரும்பி வர 22. ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பாதி வழி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான். சாலையில் குழிகளும் உண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, மலைப்பாதையில் ஓட்டிவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்புவேன். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். கணவரும் ஆறு வயது மகளும் சில சமயம் கூட வருவார்கள். மகளுக்கு வளைவுகளில் வாந்தி வந்துவிடும். வீட்டில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம், சார்ஜ் போட வசதியில்லை. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கிறது. ஆனால் மேனுவல் இல்லாவிட்டால் ஓட்டுவதில் சுகமே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். என் மனதில் மூன்று இருக்கின்றன: கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 19 அங்குல வீலோடு வரும் வேகமான ஹேட்ச்பேக், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு எஸ்யூவி. மின்சாரக் காரையும் யோசித்தேன். மலையேறினால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயம். புதிதோ பழையதோ, ஒரே கார்தான். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். மாதத்துக்கு இருபது வேலை நாள் என்றால் ஐம்பது மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு ஞாயிறும் சேர்த்துப் பத்து மணி நேரம் வரலாம். அதிலும் மலையடிவாரம் வரை போய்வருகிற நேரத்தைக் கழித்தால் வளைந்து நெளியும் பாதையில் ஓட்டுவது ஐந்து மணி நேரம் இருக்கும். ஐம்பதுக்கு ஐந்து. இதைப் பார்த்ததும் பலரும் "நெரிசலுக்கு ஏற்ற சாதாரணக் காரை வாங்குங்கள், மலையை மறந்துவிடுங்கள்" என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். மிகவும் பிடித்த நேரம் என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஐந்து மணி நேரத்துக்காக ஐம்பது மணி நேரம் உடம்பு நோகக்கூடாது.

கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே விற்பனைக்கு வருகிற ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கும்போது ஓனரிடம் காரணம் கேட்பேன். கார் சரியில்லை என்பவர்கள் குறைவு. தினமும் ஓட்ட முடியவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும்.

அதனால் உங்களைத் தேடச் சொல்வது இப்படிப்பட்ட காரை: மணிக்கு 40, 50 கிலோமீட்டரிலேயே ஓட்டுகிற சுகம் கைக்குத் தெரிய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்யலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், மலைப்பாதையில் உங்கள் வேகம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் 20, 25. இரண்டு வளைவுக்கு நடுவே 50, 60. பொதுச் சாலை அது. எதிரே பஸ் வரும், சைக்கிள் வரும், வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2019-ல் வந்த மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் ஒரு ஹேட்ச்பேக்தான், 2 லிட்டர் எஞ்சின்தான், ஆனால் 421 குதிரைத்திறன். அருமையான இயந்திரம். உங்கள் பாதையில் அந்தத் திறனில் பெரும்பகுதியைத் தொடவே முடியாது. காலை முழுசாக அழுத்துவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அவ்வளவு திறனைத் தாங்குவதற்காக அகலமான டயர், இறுக்கமான சஸ்பென்ஷன், பெரிய பிரேக் என்று எல்லாம் ஏற்றியிருப்பார்கள். அந்த இறுக்கத்தை மட்டும் வாரத்தில் ஐந்து நாளும் முதுகில் வாங்கிக்கொள்வீர்கள்.

இதோடு 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயை வைத்துப் பாருங்கள். 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 800 கிலோ. ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று நினைத்துதான் ஃபோக்ஸ்வாகன் அதை ஆரம்பித்தது. அந்த முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கும் மேல் விற்றது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற குடும்பக் காரையே ஞாயிற்றுக்கிழமையும் ஆசையாக ஓட்ட முடியும் என்று அத்தனை பேருக்குக் காட்டியது அந்தக் கார். உங்கள் கேள்வியும் அதேதான். எடை குறைந்த காரில் குறைந்த வேகத்திலேயே திருப்பம் தெரியும், பிரேக் தெரியும், டயர் சாலையைப் பிடிப்பது ஸ்டியரிங்கில் தெரியும்.

சரி, உங்கள் மூன்று கார்களுக்கு வருவோம்.

இரண்டு சீட் கார் மீதான ஆசை எனக்குப் புரிகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5 1989-ல் வந்தது. இன்றைய தலைமுறையும் ஆயிரம் கிலோ சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன சுகத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் நீங்கள் மூன்று பேர். மகள் வந்தால் கணவர் வீட்டில் இருக்க வேண்டும். டிக்கி 130 லிட்டர்; ஒரு சிறிய பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான். குழந்தையை முன்சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும், ஏர்பேக்குக்கு நேர் எதிரே. வேண்டாம். மகள் வளர்ந்து, இரண்டாவது கார் நிறுத்த இடமும் கிடைத்த பிறகு அந்த ஆசையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்யூவி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "எல்லாவற்றுக்கும் பொது" என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் அங்கே போய்ச் சேர்கிறார்கள். உயரமான வண்டி வளைவில் வெளிப்பக்கம் சாயும். எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்குச் சாய்வு கூடும். அதைக் கட்டுப்படுத்த, இடது வீலையும் வலது வீலையும் இணைக்கிற ஆன்டி-ரோல் பார் என்ற இரும்புக் கம்பியைத் தடிமனாகப் போடுவார்கள், ஸ்பிரிங்கையும் இறுக்குவார்கள். வளைவில் அது உதவும். ஆனால் நேர்சாலையில் ஒரு பக்க வீல் மட்டும் குழியில் இறங்கும்போது, அந்தக் கம்பி மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும். வண்டி முழுக்க ஆடி, உள்ளே இருப்பவர் தலை இடமும் வலமும் அசையும். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்த அசைவு இன்னும் பெரிதாகத் தெரியும். குழிச்சாலைக்கு எஸ்யூவிதான் சரி என்று நம்பி வாங்கியவர்கள் "சஸ்பென்ஷன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் களைப்பாக இருக்கிறது" என்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான். மண்சாலை, வெள்ளம் தேங்கும் தெரு, ஏறி இறங்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எஸ்யூவி பக்கமே அனுப்பியிருப்பேன். உங்கள் கடிதத்தில் எதுவுமே இல்லை.

ஆக மிஞ்சுவது ஹேட்ச்பேக். அந்த முடிவு சரி. 19 அங்குல வீல்தான் தவறு.

இதை எண்களோடு பார்த்தால் தெளிவாகும். டயரின் பக்கவாட்டில் 225/40 ஆர்18 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று சொல்கிறது. 225-ல் 40 சதவீதம் 90 மில்லிமீட்டர். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இப்போது 205/55 ஆர்16-ஐ எடுங்கள். பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர் வருகிறது. இரண்டு டயரின் மொத்த விட்டத்தையும் கணக்கிட்டால் ஒன்று 637 மில்லிமீட்டர், மற்றது 632. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உயரம். வித்தியாசம் உள்ளே இருக்கிறது: ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக ரப்பரும் காற்றும் இருக்கின்றன. 19 அங்குலத்துக்குப் போனால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். குழியில் வீல் இறங்கும்போது பக்கச்சுவர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, உள்ளே இருக்கிற நூல்கள் அறுந்து, டயரின் பக்கத்தில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் தெரியும். அப்புறம் அந்த டயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரிம் நெளிந்திருந்தால் அதுவும் செலவு.

பெரிய வீல் இல்லாவிட்டால் மலைப்பாதையில் சுகம் குறைந்துவிடுமோ என்று நினைப்பீர்கள். 2012-ல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய ஜிடி86, பிஆர்இசட் கார்களைப் பாருங்கள். சுத்தமான ஸ்போர்ட்ஸ் கார்கள். அவற்றுக்குப் பல நாடுகளில் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியது மிஷெலின் பிரைமசி டயர். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற பிரியஸ் ஹைபிரிட்டிலும் வந்த ரகம் அது. பிடிப்பு மிதமாக இருந்தால் மிதமான வேகத்திலேயே கார் பேச ஆரம்பிக்கும், ஓட்டுகிறவருக்கு நிறைய வேலை இருக்கும் என்று நினைத்து, தெரிந்தே செய்தார்கள். ஆகவே நீங்கள் பார்க்கிற ஹேட்ச்பேக் 16, 17, 19 என்று மூன்று வீலில் வருகிறது என்றால் 16 அல்லது 17-ஐ எடுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல கம்பெனி டயருக்குப் போடுங்கள். ஒரு காரின் குணத்தை டயர் மாற்றுகிற அளவுக்கு வேறெந்தத் தனிப் பொருளும் மாற்றாது.

அடுத்தது முழங்கால். நண்பர்கள் சொன்னதை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த கூட்டம்தான். மேனுவல் கியரில் ஒரு வளைவுக்கு முன்னால் சரியாகக் கியரைக் குறைத்து உள்ளே நுழையும்போது வருகிற நிறைவுக்கு ஈடு இல்லை, உண்மை. ஆனால் வலிக்கிற முழங்காலோடு தினமும் இரண்டரை மணி நேரம் கிளட்ச் மிதிக்கச் சொல்ல என்னால் முடியாது. ஆட்டோமேட்டிக் எடுங்கள். முழங்காலை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

எந்த ஆட்டோமேட்டிக் என்பதில்தான் கவனம் வேண்டும், எல்லாம் ஒன்று கிடையாது. டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. ஊர்ந்து போகும்போது வழுக்குவது எண்ணெய்தான், உரசித் தேய எதுவும் இல்லை. நெரிசலுக்கு அது நிம்மதி. இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்கிற டூயல் கிளட்ச் வகை மலைப்பாதையில் மின்னல் மாதிரிக் கியர் மாற்றும். 2003-ல் கோல்ஃப் ஆர்32-ல் ஃபோக்ஸ்வாகன் கொண்டுவந்ததிலிருந்து வேகமான ஹேட்ச்பேக்குகளுக்கு அதுதான் வழக்கமாகிவிட்டது. அதிலேயே இரண்டு பிரிவு உண்டு. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பது ஒன்று, காற்றில் காய்ந்தே இருப்பது இன்னொன்று. ஊர்ந்து போகிற நேரமெல்லாம் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டிருக்கும். எண்ணெய் இருந்தால் அந்தச் சூட்டை அது எடுத்துப் போய்விடும். இல்லாவிட்டால் சூடு அங்கேயே தங்கும், கிளட்ச் சீக்கிரம் தேயும், வண்டி நகரும்போது ஒரு நடுக்கம் வரும். உங்கள் ஐம்பது மணி நேரத்துக்கு உலர் கிளட்ச் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எது எந்த வகை என்று கேட்டால் ஷோரூமில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் சர்வீஸ் பிரிவில் கேளுங்கள். சாதாரண மேனுவல் கியர்பாக்ஸிலேயே மோட்டாரை வைத்துக் கியர் மாற்றுகிற ஏஎம்டி வகை மலிவு, ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலையை ஒரு முறை ஆட்டும். வாந்தி வருகிற குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. படிப்படியான கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே போகிற சிவிடி வகை மிருதுவாக ஓடும், நெரிசலுக்கு நல்லது. மலையேற்றத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும், கியரை நாம் கையாள்கிற உணர்வு வராது.

எது எடுத்தாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் இருக்கட்டும். நாம் கேட்டுக் கொடுத்த கியரைத் தானாக மாற்றிவிடாமல் அது பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எரிபொருளைப் பற்றி. டீசல் வேண்டாம். புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். அதற்கு ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டியில் அது பாதியிலேயே நின்று நின்று கடைசியில் அடைத்துக்கொள்ளும்.

மின்சாரக் காரில் மலை பற்றிய பயத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் கேட்கிறார்கள். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், அந்த உயரத்துக்காக மட்டும் ஏறக்குறைய 5 கிலோவாட் மணி மின்சாரம் கூடுதலாக வேண்டும். 50 கிலோவாட் மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து அதில் ஒரு நல்ல பகுதியைத் திரும்பக் கொடுத்துவிடும். ஆக மலை ஒரு தடையே கிடையாது. நெரிசலிலும் மின்சாரக் காருக்கு இணை எதுவும் இல்லை. உங்களுக்குத் தடை வீட்டில் சார்ஜ் போட முடியாததுதான். ஐம்பது மணி நேரம் சாலையில் போனது போதாதென்று வாரா வாரம் சார்ஜிங் நிலையத்திலும் காத்திருக்க வேண்டுமா? வீட்டிலோ அலுவலகத்திலோ பிளக் கிடைக்கிற நாளில் என் பதில் மாறும்.

அதுவரை பெட்ரோல், அல்லது ஹைபிரிட். ஹைபிரிட் என்றால் மைலேஜுக்காக மட்டும் வாங்குவது என்ற எண்ணம் பழையது. 2022-ல் வந்த ஹோண்டா சிவிக் இ:எச்இவியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் பெரும்பாலும் மின்மோட்டார்தான் வீல்களைச் சுற்றுகிறது. கிளட்ச் பெடலும் இல்லை, சிக்னலுக்குச் சிக்னல் உறுமலும் இல்லை. அதே காரின் ஸ்டியரிங்கும் உட்காரும் தாழ்வும் மலைப்பாதைக்கு நன்றாகவே இருக்கும். கியர் மாற்றுகிற இன்பம் மட்டும் அதில் கிடையாது.

பெட்ரோலில் எடை குறைந்த உதாரணம் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2017-ல் வந்த தலைமுறையில் 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோ பக்கம். சில நாடுகளில் ஆட்டோமேட்டிக்கிலும் விற்றார்கள். உங்கள் பக்கத்தில் எது விற்கிறது என்று எனக்குத் தெரியாததால் மாடல் பெயரைப் பிடித்துக்கொள்ளாமல் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1,000 முதல் 1,350 கிலோ வரை எடை, 130 முதல் 180 வரை குதிரைத்திறன், 16 அல்லது 17 அங்குல வீல், நான்கு கதவு இருந்தே ஆக வேண்டும். ஹைபிரிட்டாக இருந்தால் எடையில் இன்னும் 150 கிலோ வரை விட்டுக்கொடுக்கலாம். ஒரு மாடலில் உச்சியில் இருக்கிற வேகமான பதிப்புக்கு ஒரு படி கீழே பாருங்கள். அதே வண்டி, அதே ஸ்டியரிங், கொஞ்சம் மிருதுவான ஸ்பிரிங். உங்களுக்கான கார் பெரும்பாலும் அந்தப் படியில்தான் இருக்கும்.

மகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பயணத்தில் குமட்டல் அதிகம் வருகிற பருவம். காது உணர்கிற அசைவும் கண் பார்க்கிற காட்சியும் ஒத்துப்போகாததால் வருவது அது. பல ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்குகளில் அழகுக்காகப் பின்பக்க ஜன்னலின் கீழ்விளிம்பை மேலே ஏற்றி, கண்ணாடியைச் சின்னதாக்கி, உள்ளே முழுக்கக் கறுப்பாக வைத்திருப்பார்கள். முன்சீட்டோ பெரிய பக்கெட் சீட். ஆறு வயதுக் குழந்தைக்கு அங்கே கதவும் சீட்டின் முதுகும்தான் தெரியும். அவளை அவளுடைய குழந்தை சீட்டிலேயே உட்கார வைத்து, உங்கள் தலையை அவள் தலை உயரத்துக்குக் குனிந்து வெளியே பாருங்கள். சாலை தெரிகிறதா? நடுவில் முன் கண்ணாடி வழியாகக் கொஞ்சமாவது தெரிகிறதா? அப்படி வெளியே தெரியாத காரை அவளுக்காகவாவது வாங்க வேண்டாம். அவள் கூட வருகிற நாட்களில் பிரேக்கைச் சீக்கிரமே மெதுவாகப் பிடித்து, ஸ்டியரிங்கை ஒரே வீச்சாகத் திருப்பி, வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஓட்டிப் பாருங்கள். நல்ல ஓட்டுநர்கள் எல்லோருமே அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதைப் பழகுவதும் ஓர் இன்பம்.

டெஸ்ட் டிரைவை அவர்கள் அழைத்துப் போகிற பாதையில் செய்யாதீர்கள். ஷோரூமைச் சுற்றி நல்ல சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் எந்தக் காரும் பிடித்துப்போகும். வாரநாளில், நீங்கள் அலுவலகம் போகிற நேரத்தில், உங்கள் சாலையிலேயே கேளுங்கள். வற்புறுத்தினால் பெரும்பாலும் தருவார்கள். தராவிட்டால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், அந்தச் செலவு வீண்போகாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி மெல்ல நகர்கிறதா, குதிக்கிறதா? நிற்கப்போகிற கடைசி ஒரு மீட்டரில் பிரேக் நழுவாமல் பிடிக்கிறதா? உங்களுக்குத் தெரிந்த அந்தக் குழியில், 30 கிலோமீட்டரில், ஒரு பக்க வீலை மட்டும் இறக்கிப் பாருங்கள். ஒரே ஒரு 'தொம்' என்று முடிந்தால் நல்ல சஸ்பென்ஷன்; அதற்குப் பிறகும் உடம்பு ஆடினால் ஷாக் அப்சார்பர் சரியாக அமையவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத் தொடையின் அடிப்பகுதி மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். சீட் பிடிக்காத காரில் மற்ற எதுவும் பிடித்துப் பயனில்லை.

பழைய கார் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்கள் தேடுகிற மாதிரிக் காரை உங்களுக்கு முன்னால் வாங்கியவரும் வேகம் பிடித்தவராகத்தான் இருந்திருப்பார். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, முன் டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்றில் பலமாக மோதியிருக்கிறது. நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால் பராமரிப்பு எப்படி என்று அதுவே சொல்லும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் தயாரானது. காரின் வயதோடு அதை ஒப்பிடுங்கள். பிரேக் டிஸ்கின் வெளிவிளிம்பை விரலால் தொட்டால் தடித்த மேடு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்; தட்டுப்பட்டால் டிஸ்க் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றித் திறனைக் கூட்டிய கார், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு, முதல் மலைப் பயணத்துக்கு முன்னால், பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரகத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு 155 டிகிரி வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரை வரை போய்விடும் ஆபத்து உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். இறங்கும்போது பேடிலை இழுத்து இரண்டாம் கியரில் வையுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் தேவைப்படுகிற இடத்தில் அழுத்தமாகப் பிடித்து, உடனே விட்டுவிடுங்கள். டயர் காற்றை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன், டயர் சூடேறுவதற்குள், ஓட்டுநர் கதவுக்குள் ஒட்டியிருக்கிற அட்டவணைப்படி பாருங்கள். மூன்று பேராகப் போகிற ஞாயிற்றுக்கு அதில் வேறு எண் போட்டிருக்கலாம்.